கோத்தகிரி படிப்பகத்தில் வீடியோ திக்கித் திக்கி ஓடுகிறது: நெட்டா, டிரைவரா?

கோத்தகிரி_படிப்பகம்:

எல்லோருக்கும் வணக்கம். கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு சிறிய படிப்பகம். பிள்ளைகள் பாடம் பார்க்க இரண்டு கணினிகள் இருக்கின்றன, இரண்டுமே பழையதாக வாங்கியவை. இரண்டிலும் லினக்ஸ் மின்ட் 22, சின்னமன்.

முதலாவது லேப்டாப். இன்டெல் கோர் ஐ3-4005யு, 4 ஜிபி ரேம், எஸ்எஸ்டி. எச்டிஎம்ஐ கேபிளில் புரொஜெக்டருக்குப் போகிறது. ஃபயர்பாக்ஸில் யூடியூப் பாடம் போட்டால் சத்தம் சீராக வருகிறது, படம் மட்டும் திக்கித் திக்கி நகர்கிறது. ஃபேன் இரைச்சல் தாங்கவில்லை. ஹெத்தை ஹப்பாவில் (படகர் திருவிழா) மொபைலில் எடுத்த வீடியோவைப் பென்டிரைவில் கொண்டுவந்து விஎல்சியில் போட்டால் இன்னும் மோசம், ஆட்டம் முழுக்க நின்று நின்று வருகிறது. இதற்கு நெட்டே தேவையில்லையே என்பதால்தான் டிரைவர்மேல் சந்தேகம்.

இரண்டாவது டெஸ்க்டாப். கோர் ஐ5-4570, 8 ஜிபி ரேம், தனியாக ஒரு என்விடியா ஜிடி 710 கார்டு. போன வாரம் அப்டேட் ஓடிக்கொண்டிருந்தபோது மழையில் கரண்ட் போய்விட்டது. அதிலிருந்து திரை 1024×768-க்கு மேல் போகவில்லை. ஒரு விண்டோவை இழுத்தாலே தேய்த்துக்கொண்டு பின்னால் வருகிறது.

இன்டெல்லுக்கு டிரைவர் எங்கே டவுன்லோட் செய்வது? என்விடியாவுக்கு எந்த நம்பர் டிரைவர்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


உதகை_பென்குயின்:

இரண்டும் வேறு வேறு நோய், ஒரே மருந்து கேட்காது. லேப்டாப்பை முதலில் பார்ப்போம்.

இன்டெல்லுக்கு எதையும் வெளியிலிருந்து டவுன்லோட் செய்ய வேண்டாம். திரையை இயக்கும் ஐ915 டிரைவர் லினக்ஸின் மையமான கர்னலுக்குள்ளேயே இருக்கிறது. படம் வரையும் மேசாவும் மின்ட்டோடு வந்துவிட்டது. பார்க்க வேண்டியது ஒன்றுதான்: வீடியோவைப் பிரிக்கும் வேலையைச் சிப்பில் அதற்கென்றே உள்ள பகுதி செய்கிறதா, பாவம் பிராசஸரே சுமக்கிறதா.

எதையும் மாற்றுவதற்கு முன் அளந்து பாருங்கள். யூடியூப் வீடியோ ஓடும்போது அதன்மேல் ரைட் கிளிக் செய்து ‘ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்’ என்பதைத் திறங்கள். மூன்று வரிகள் போதும். ‘பஃபர் ஹெல்த்’ என்பது முன்கூட்டியே வந்து சேர்ந்திருக்கும் வீடியோவின் அளவு, வினாடியில். அது சுழியை ஒட்டியே கிடந்தால் குற்றம் நெட்மேல். 20, 30 வினாடி கையிருப்பு இருந்தும் ‘ஃப்ரேம்ஸ்’ வரியில் டிராப் எண்ணிக்கை (காட்டாமல் விடப்பட்ட படங்கள்) ஏறிக்கொண்டே போனால் நெட்டைத் திட்டிப் பயனில்லை, கணினிதான் திணறுகிறது. மூன்றாவது ‘கோடெக்ஸ்’, அதாவது வீடியோ எந்த வடிவத்தில் சுருக்கப்பட்டிருக்கிறது என்பது. அதில் ஏவிசி1 என்று வருகிறதா, விபி09-ஆ, ஏவி01-ஆ என்று எழுதி அனுப்புங்கள். கோளாறின் மூலம் பெரும்பாலும் அந்த வரியில்தான் இருக்கும்.

அடுத்து டெர்மினல். கட்டளைகளை ஒலிப்பில் எழுதுகிறேன், ஆங்கிலச் சிறிய எழுத்துகளில், சொல்லுக்குள் இடைவெளி விடாமல் தட்டுங்கள். சிப்பால் எந்தெந்த வீடியோ வடிவங்களைக் கையாள முடியும் என்று காட்டும் ‘விஏஇன்ஃபோ’ என்ற பேக்கேஜைச் சாஃப்ட்வேர் மேனேஜரில் நிறுவி, அதே பெயரை டெர்மினலில் கொடுங்கள். வரும் பட்டியலை அப்படியே இங்கே போடுங்கள். அதோடு ‘சென்சார்ஸ்’ கட்டளையில் வெப்பம் எவ்வளவு என்பதும் வேண்டும், வீடியோ பத்து நிமிடம் ஓடிய பிறகு.


பெருமாள்மலை_டக்ஸ்:

எனக்குத் தெரிஞ்ச வழி: திரையைக் காட்டுற எக்ஸ்ஓஆர்ஜி-யோட பழைய ‘இன்டெல்’ வீடியோ டிரைவர் பேக்கேஜைப் போட்டு, எக்ஸ்11 கான்ஃபிக் ஃபோல்டர்ல ஒரு ஃபைல் எழுதி ‘டியர்ஃப்ரீ’ ஆப்ஷனை ஆன் பண்ணுங்க. படம் குறுக்கால வெட்டுப்படுறது நின்னுடும். இணையத்துல பாதிப் பேர் இதைத்தான் சொல்றாங்க.


உதகை_பென்குயின்:

பெருமாள்மலை நண்பரே, அது வேறு நோய்க்கான மருந்து. டியர்ஃப்ரீ சரிசெய்வது படம் கிடைமட்டமாகக் கிழிவதை. ஃப்ரேம் விழுவதை அல்ல. கிழிசல் என்றால் எல்லா ஃப்ரேமும் வந்து சேரும், திரை பாதியிலேயே அடுத்ததற்கு மாறிவிடும். இவர் சொல்வது ஃப்ரேமே வராதது.

அந்தப் பேக்கேஜும் கைவிடப்பட்ட நிலையில்தான் இருக்கிறது. 2007-க்குப் பிந்தைய இன்டெல் சிப்புகளுக்கு எக்ஸ் சர்வரிலேயே உள்ள ‘மோட்செட்டிங்’ டிரைவரைப் பயன்படுத்தச் சொல்லி டெபியன் தரப்பே அறிவுறுத்தியது. பழைய பேக்கேஜைப் போட்டு அந்தக் கான்ஃபிக் ஃபைலையும் எழுதினால் அது மோட்செட்டிங்கைத் தள்ளிவிட்டு முன்னால் வந்து நிற்கும், கோளாறு ஒன்று இரண்டாகும். ஏற்கெனவே போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள், எழுதிய கான்ஃபிக் ஃபைலையும் சேர்த்து. பேக்கேஜ் போய் ஃபைல் மட்டும் மிஞ்சினால் இல்லாத டிரைவரைத் தேடிக்கொண்டு திரை கறுப்பாகவே நிற்கும்.


கோத்தகிரி_படிப்பகம்:

நன்றி அண்ணா. அளந்து பார்த்தேன்.

பஃபர் ஹெல்த் 41 வினாடி. ஃப்ரேம்ஸ்: 3970-இல் 2212 டிராப். கோடெக் ஏவி01. வெப்பம் 71 டிகிரி.

விஏஇன்ஃபோ கொடுத்ததும் முதலில் ‘ஐஎச்டி’ டிரைவர் தொடங்கத் தவறியது என்று எரர் வந்தது, அதன் கீழே ‘ஐ965’ என்று ஒன்று திறந்து பட்டியல் கொடுத்தது. பட்டியலில் எம்பெக்2, எச்264, விசி1, ஜேபெக் இருக்கின்றன. முதலில் வந்த எரர்தான் காரணமா? ஐஎச்டியை எப்படிச் சரிசெய்வது?


உதகை_பென்குயின்:

அந்த எரரைக் கண்டு பயப்பட வேண்டாம், அதைச் சரிசெய்யவும் வேண்டாம். இன்டெல்லுக்கு இரண்டு வீடியோ டிரைவர்கள் உண்டு. ஐஎச்டி என்பது பிராட்வெல், அதாவது 5ஆம் தலைமுறை முதல் மேலே உள்ளவற்றுக்கு. ஐ965 அதற்கு முந்தையவற்றுக்கும் சேர்த்து. உங்களுடையது 4ஆம் தலைமுறை ஹாஸ்வெல். கணினி முதலில் ஐஎச்டியைத் தட்டிப் பார்த்து, ‘இது என் ஆளில்லை’ என்று அது விலகியதும் ஐ965-க்குப் போயிருக்கிறது. முறை அப்படித்தான். டிரைவர் நலமாக இருக்கிறது.

சிக்கல் கோடெக் வரியில். யூடியூப் உங்களுக்கு ஏவி1 வடிவத்தில் அனுப்புகிறது. அதே தரத்தைக் குறைந்த டேட்டாவில் தரும் வடிவம்தான், ஆனால் பிரிக்கக் கணக்கு அதிகம். ஹாஸ்வெல்லின் வீடியோ பகுதிக்கு ஏவி1 தெரியாது, விபி9 தெரியாது, எச்.265-உம் தெரியாது. நீங்கள் அனுப்பிய பட்டியலில் இந்த மூன்றும் இல்லாததைக் கவனியுங்கள். அதனால் மொத்தச் சுமையும் பிராசஸர் தலையில் விழுகிறது. உங்கள் ஐ3 இரண்டே கோர், 1.7 கிகாஹெர்ட்ஸ், டர்போ கிடையாது. 1080 ஏவி1 என்றால் மூச்சு முட்டும்.

எனவே யூடியூபை எச்.264 அனுப்ப வைக்க வேண்டும். ஃபயர்பாக்ஸ் ஆட்-ஆன் பக்கத்தில் ‘என்ஹான்ஸ்டு எச்264ஐஃபை’ என்று தேடி நிறுவுங்கள். அதன் அமைப்பில் விபி8, விபி9, ஏவி1 மூன்றையும் தடுக்கும்படி டிக் செய்யுங்கள். 60 ஃப்ரேமைத் தடுக்கும் ஆப்ஷனும் அங்கேயே இருக்கிறது, பாடங்களுக்கு 30 போதும் என்பதால் அதையும் டிக் செய்யலாம். எச்.264-ஐத் தடுக்கும் கட்டத்தை மட்டும் தொடாதீர்கள், தொட்டால் எதுவுமே ஓடாது. பக்கத்தைப் புதுப்பித்து மறுபடி அளவுப் பெட்டியைத் திறங்கள், கோடெக் ஏவிசி1 என்று மாறியிருக்க வேண்டும். இதில் ஒரு இழப்பும் உண்டு: எச்.264-இல் யூடியூப் 1080-க்கு மேல் தருவதில்லை, அதே தரத்துக்கு டேட்டாவும் கூடுதலாகும்.

ஆனால் உங்களுக்கு 1080-ஏ தேவையில்லை என்பது என் எண்ணம். இந்த வகை லேப்டாப் திரை பெரும்பாலும் 1366×768. விலை குறைந்த பல புரொஜெக்டர்களின் உண்மையான அளவு 1024×768 அல்லது 1280×800, பெட்டியின்மேல் ‘ஃபுல் எச்டி சப்போர்ட்’ என்று போட்டிருந்தாலும் அதன் பொருள் 1080 சிக்னலை வாங்கிச் சுருக்கிக் காட்டும் என்பதுதான். புரொஜெக்டர் மேனுவலில் ‘நேட்டிவ் ரெசொல்யூஷன்’ வரியைப் பாருங்கள். 1280×800 என்றால் 720-க்கு மேல் போடுவது வெட்டிச் செலவு, கோத்தகிரியில் பனி இறங்கும் சாயங்காலத்தில் கிடைக்கிற நெட்டுக்கும் 720தான் பொருந்தும்.

ஹார்டுவேர் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று உறுதிப்படுத்த, ஃபயர்பாக்ஸ் மெனுவில் உதவி, அதில் டிரபிள்ஷூட்டிங் தகவல் பக்கம். ‘கம்போசிட்டிங்’ வரியில் வெப்ரெண்டர் என்று மட்டும் இருக்க வேண்டும்; பக்கத்தில் ‘சாஃப்ட்வேர்’ என்று ஒட்டியிருந்தால் சொல்லுங்கள். கீழே மீடியா பகுதியில் எச்264-க்கு நேராக ஹார்டுவேர் டிகோடிங் ஆதரவு என்று வர வேண்டும். இன்டெல் சிப்புகளுக்கு ஃபயர்பாக்ஸ் 115 முதல் இது தானாகவே இயங்கும். இன்னும் நெருக்கமாகப் பார்க்க ‘இன்டெல்-ஜிபியு-டூல்ஸ்’ பேக்கேஜை நிறுவி, அதிலுள்ள ‘இன்டெல் ஜிபியு டாப்’ கட்டளையை (மூன்று சொல்லுக்கும் இடையே அடிக்கோடு) சூடோவோடு (நிர்வாகி உரிமையோடு) ஓட்டுங்கள். வீடியோ ஓடும்போது ‘வீடியோ’ என்ற பட்டை அசைந்தால் சிப் உழைக்கிறது. சுழியிலேயே நின்றால் பிராசஸர்தான் இன்னும் சுமக்கிறது.

வெப்பம் 71 என்பது ஆபத்தில்லை. ஆனாலும் ஒன்று: ஊர் குளிராக இருக்கிறது என்பதற்காக ஃபேனைக் கவனிக்காமல் விடாதீர்கள். ஈரக்காற்றில் தூசி கட்டியாகி ஹீட்சிங்க் இடுக்கில் கம்பளி மாதிரி ஒட்டிக்கொள்ளும், ஊதினால் போகாது, கழற்றி பிரஷ்ஷால்தான் எடுக்க வேண்டும். வீடியோ ஓடும்போது பிராசஸர் வேகம் 1700-இல் நிற்காமல் 800 மெகாஹெர்ட்ஸில் மாட்டிக்கொண்டால் அடாப்டரையும் சந்தேகியுங்கள். தன் அடாப்டர் இல்லை என்று தெரிந்தால் வேகத்தைப் பூட்டிவிடும் லேப்டாப்புகள் இருக்கின்றன.

ரேமுக்குக் காசு ஒதுக்க முடிந்தால், ஸ்லாட் காலியாக இருந்தால், இன்னொரு 4 ஜிபி ஸ்டிக் போடுங்கள். இன்டெல் கிராஃபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது, ரேமைத்தான் பங்குபோடும். இரண்டு ஸ்டிக் இருந்தால் பாதை இரட்டிப்பாகும். கடையில் டிடிஆர்3எல், 1.35 வோல்ட் என்று கேட்டு வாங்குங்கள். 1.5 வோல்ட் ஸ்டிக் போட்டால் இந்தத் தலைமுறை லேப்டாப் பல பூட் ஆகாது.


கோத்தகிரி_படிப்பகம்:

அண்ணா, ஆட்-ஆன் போட்டு 720-இல் வைத்தேன். ஏவிசி1 வருகிறது. 5400 ஃப்ரேமில் 3தான் டிராப். ஃபேன் சத்தமே இல்லை! புரொஜெக்டர் 1280×800தான்.

ஹப்பா வீடியோ மட்டும் அப்படியே இருக்கிறது. விஎல்சியில் கோடெக் தகவல் எச்இவிசி, 3840×2160, 60 ஃப்ரேம் என்று காட்டுகிறது.


பெருமாள்மலை_டக்ஸ்:

அப்போ டிரைவர்மேல ஒரு குத்தமும் இல்லை. நான் சொன்னது தப்பு வழி, அதைச் செய்யாதீங்க.

எச்இவிசி-ன்னா எச்.265 தான். 4கே 60 ஃப்ரேம்னா அந்த லேப்டாப்புல எந்த பிளேயராலும் முடியாது. ஒரு தடவை மாத்தி வெச்சுக்கிறதுதான் வழி. ஹேண்ட்பிரேக் நிறுவி, ‘ஃபாஸ்ட் 720பி30’ பிரீசெட் எடுங்க. வீடியோ டேப்ல என்கோடர் எச்.264 எக்ஸ்264, குவாலிட்டி ஆர்எஃப் 21 பக்கம். ஃபார்மட்ல எம்பி4 வேண்டாம், எம்கேவி வைங்க. எம்பி4-க்கு அட்டவணை கடைசியிலதான் எழுதும், நடுவுல கரண்ட் போய் கணினி அணைஞ்சா அதுவரைக்கும் மாத்தின மொத்தமும் திறக்காது. எம்கேவி-ல பாதியில நின்னாலும் நின்ன இடம் வரைக்கும் ஓடும். நம்ம மலையில இது முக்கியம். வேலையை டெஸ்க்டாப்ல கொடுங்க, அந்த ஐ5-க்கு நாலு கோர். லேப்டாப்புல கொடுத்தா வீடியோ நீளத்தைப் போல பல மடங்கு நேரம் எடுக்கும்.

ஒரிஜினலை அழிச்சுடாதீங்க. ஹப்பா வருஷத்துக்கு ஒரு தடவைதான், பின்னாடி நல்ல கணினி வந்தா 4கே-லேயே பார்க்கலாம். அடுத்த தடவை எடுக்கும்போது மொபைல் கேமரா செட்டிங்ல எச்.264, 1080, 30 ஃப்ரேம்னு வெச்சு எடுக்கச் சொல்லுங்க, மாத்துற வேலையே மிச்சம்.


உதகை_பென்குயின்:

எம்கேவி யோசனை அருமை. இப்போது டெஸ்க்டாப்.

முதலில் ‘ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ’ கட்டளையைக் கொடுங்கள், பின்னால் ஓர் இடைவெளி, ஒரு சிறு கோடு, பெரிய எழுத்து பி. ரெண்டரர் வரியில் ‘எல்எல்விஎம்பைப்’ என்று வரும் என்று நினைக்கிறேன். அப்படியென்றால் கார்டு சும்மா கிடக்கிறது, திரையின் ஒவ்வொரு புள்ளியையும் பிராசஸர்தான் வரைகிறது. விண்டோ தேய்த்துக்கொண்டு வருவது அதனால்தான்.

நடந்தது இப்படி இருக்கலாம்: என்விடியாவின் சொந்த டிரைவர் கர்னலோடு வருவதில்லை. புதுக் கர்னல் வரும்போதெல்லாம் டிகேஎம்எஸ் என்ற கருவி அதற்கேற்ற மாட்யூலை (கர்னலில் ஏறும் டிரைவர் துண்டு) புதிதாகக் கட்டும். உங்கள் கணினியில் புதுக் கர்னல் வந்துவிட்டது, மாட்யூல் கட்டுவதற்குள் கரண்ட் போய்விட்டது.

சோதிக்க: கணினியை ஆன் செய்ததும் எஸ்கேப் அல்லது ஷிஃப்டைப் பிடித்து கிரப் மெனுவுக்கு வந்து, ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’-இல் பழைய கர்னலைத் தேர்ந்தெடுங்கள். அதில் திரை சரியாக வந்தால் மேலே சொன்னதே காரணம். பிறகு, கணினியை யுபிஎஸ்ஸில் வைத்துக்கொண்டு, டெர்மினலில் வரிசையாக: ‘சூடோ டிபிகேஜி’, இடைவெளி, இரட்டைக் கோடு ‘கான்ஃபிகர்’, இடைவெளி, ஒற்றைக் கோடு ‘ஏ’. அறுந்து நிற்கும் பேக்கேஜ்களை இது முடித்துவைக்கும். அடுத்து ‘சூடோ ஆப்ட்’, இரட்டைக் கோடு ‘ஃபிக்ஸ்-புரோக்கன்’, ‘இன்ஸ்டால்’. கடைசியாக ‘டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்’. ஒவ்வொரு கர்னலுக்கு நேராகவும் ‘இன்ஸ்டால்டு’ என்று இருக்க வேண்டும். ‘ஆடட்’ என்று மட்டும் நின்றால் கட்டவே இல்லை. அந்தக் கர்னலுக்கான ஹெடர்ஸ் பேக்கேஜ் இருக்கிறதா என்று பார்த்து, ‘சூடோ டிகேஎம்எஸ் ஆட்டோஇன்ஸ்டால்’ கொடுங்கள்.

டிரைவர் நம்பர் கேட்டிருந்தீர்கள். ஜிடி 710 கெப்ளர் வகை, அதற்குக் கடைசி வரிசை 470. அதைவிடப் பெரிய எண்ணைப் பார்த்து ஆசைப்பட்டுப் போடாதீர்கள், கார்டை அடையாளமே தெரியாது. மாட்யூல் ‘இன்ஸ்டால்டு’ என்று காட்டியும் ஏறாமல் ‘கீ வாஸ் ரிஜெக்டட்’ என்று எரர் வந்தால் பயாஸில் செக்யூர் பூட் ஆன் ஆகியிருக்கிறது. அதை ஆஃப் செய்வதே எளிது.

இவ்வளவும் சொன்ன பிறகு, என் உண்மையான யோசனை: அந்தக் கார்டைக் கழற்றிவிடுங்கள். ஐ5-4570-க்குள் இன்டெல் எச்டி 4600 இருக்கிறது. பாடம் பார்க்க ஜிடி 710 அதைவிட எதையும் கூடுதலாகத் தராது. எச்.265-உம் விபி9-உம் அந்தக் கார்டுக்கும் தெரியாது. வீடியோவைச் சிப்பிடம் ஒப்படைக்க ஃபயர்பாக்ஸ் லினக்ஸில் கேட்பது விஏஏபிஐ என்ற வழி, அந்த என்விடியா டிரைவர் பேசுவது விடிபிஏயு. அதனால் எச்.264-கூட ஃபயர்பாக்ஸில் அந்தக் கார்டில் தானாக ஓடாது. இன்டெல்லில் ஓடும். ஒவ்வொரு கர்னல் அப்டேட்டுக்கும் நெஞ்சு அடித்துக்கொள்ளவும் வேண்டாம்.

கழற்றும் வரிசை முக்கியம். கார்டு உள்ளே இருக்கும்போதே டிரைவர் மேனேஜரில் திறமூல டிரைவரான நூவோவுக்கு மாறுங்கள். எக்ஸ்11 ஃபோல்டரில் ‘எக்ஸ்ஓஆர்ஜி.கான்ஃப்’ என்ற ஃபைல் இருந்தால் பெயரை மாற்றுங்கள், அது என்விடியா பெயரைச் சொல்லிக்கொண்டே இருக்கும், கார்டு போனபின் திரை வராது. கிரப் அமைப்பு ஃபைலில் ‘நோமோட்செட்’ என்ற சொல் இருந்தால் எடுத்துவிட்டு ‘சூடோ அப்டேட்-கிரப்’ கொடுங்கள். நிறுவும்போது போட்டதை எடுக்க மறப்பவர்கள் அதிகம், அது இருக்கும்வரை இன்டெல்லும் எழாது. பிறகு அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை ஐந்து வினாடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை இறக்கி, கார்டை எடுங்கள். மானிட்டர் கேபிள் மதர்போர்டு போர்ட்டில். அப்படியே ரேம் ஸ்டிக்குகளையும் கழற்றி, தங்க நிறப் பற்களை வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேய்த்து மாட்டுங்கள், மலை ஈரத்தில் அங்கே படலம் பிடிக்கும்.


கோத்தகிரி_படிப்பகம்:

எல்எல்விஎம்பைப்தான் வந்தது. நோமோட்செட்டும் இருந்தது! கார்டைக் கழற்றிவிட்டேன், இப்போது ரெண்டரர் வரியில் இன்டெல் எச்டி 4600 வருகிறது, திரை 1920×1080. ஹேண்ட்பிரேக் ஓடிக்கொண்டிருக்கிறது. மிகவும் நன்றி அண்ணா, இருவருக்கும்.

இன்னொரு கணினி பழையதாக வாங்கச் சொல்கிறார்கள். எந்தத் தலைமுறைக்குக் கீழே வாங்கக் கூடாது?


உதகை_பென்குயின்:

வீடியோவுக்காக என்றால் 7ஆம் தலைமுறை, கேபிலேக். விபி9-ஐயும் 10-பிட் எச்.265-ஐயும் முழுதாக ஹார்டுவேரில் பிரிப்பது அங்கிருந்துதான். 6-இல் எச்.265 8-பிட் மட்டும். ஏவி1 வேண்டுமென்றால் லேப்டாப்பில் 11ஆம் தலைமுறை டைகர்லேக், ஆனால் அந்த விலை இப்போது தேவையில்லை, ஆட்-ஆன் இருக்கிறதே.

மேட்டுப்பாளையமோ கோவையோ இறங்கி வாங்கப் போனால் ஒரு பென்டிரைவில் மின்ட்டை லைவ்வாகக் கொண்டுபோங்கள். கடையிலேயே பூட் செய்து, மொபைல் ஹாட்ஸ்பாட்டில் விஏஇன்ஃபோவை நிறுவி ஓட்டுங்கள். பட்டியலில் விபி9 புரொஃபைல் 0-வுக்கு நேராக ‘விஎல்டி’ என்று முடியும் வரி இருக்கிறதா பாருங்கள். விஎல்டி என்றால் பிரித்துக் காட்டும் திறன். ‘என்க்’ என்று தொடங்குவது பதிவு செய்யும் திறன், அதைப் பார்த்து ஏமாற வேண்டாம்.